மூன்று ஸ்வரத்தில் ஒரு பாட்டு

ஜூன் 4

குகனின் ஸ்டூடியோவுக்குப் புது வேலை வந்திருக்கிறது. கொண்டுவந்தவள் பெயர் மதிவதனி. முப்பது வயதுகூட இருக்காது. பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டாள் போலிருக்கிறது. செல்போனில் கேட்கிற ஒலி நாடகத் தொடர் எழுதுகிறாள். ஒவ்வொரு பகுதியிலும் உலகத்திலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவாள். அது இல்லாமல் சென்னை எப்படி வளர்ந்திருக்கும் என்பதுதான் கதை. மிளகாய் இல்லாத சென்னை, ரயில் இல்லாத சென்னை எல்லாம் வந்து முடிந்துவிட்டன. இப்போது ஹிப் ஹாப் இல்லாத சென்னை.

மிளகாய் இல்லாவிட்டால் தவிப்போம், ராப் இல்லாவிட்டால் நிம்மதியாகத் தூங்குவோம் என்று சொல்லிவிட்டேன். குகன் முறைத்தான். அவன் புளியந்தோப்பில் ராப் பாடிப் பாடியே மேலே வந்தவன். இசையமைப்பாளர் ஆன பிறகும் பேசும்போது கை தானாக ஆடும்.

அவள் கதை 1973இல் நியூயார்க்கில் ஆரம்பிக்கிறது. பிராங்ஸ் என்று ஒரு பகுதி. நிஜத்தில் அங்கே ஒரு பார்ட்டியில்தான் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்துக்கொண்டு, பாட்டில் டிரம் மட்டும் வருகிற துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்களாம். பிறகு அதன்மேல் பேச ஆரம்பித்தார்களாம். மதிவதனியின் கதையில் அன்று சாயங்காலம் கரண்ட் போய்விடுகிறது. வந்தவர்கள் வியர்த்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஹிப் ஹாப் பிறக்கவே இல்லை.

கடைசியில் ஒரு பாட்டு வேண்டும். அந்த உலகத்தில், இந்த வருஷம், சென்னையில் எல்லா ஆட்டோவிலும் ஓடுகிற பாட்டு. கதாநாயகியே பாடுவது. நிபந்தனை ஒன்றுதான்: தாளத்தில் பேசக்கூடாது, மெட்டில் பாட வேண்டும். வேறு பாட்டிலிருந்து வெட்டிய துண்டும் கூடாது.

என் வேலை வழக்கம்போல. பாடகர்களைக் கூப்பிடுவது, பாட்டு வரியை அச்செடுப்பது, மைக்கின் உயரத்தைச் சரி செய்வது, குகன் சாப்பிட்டானா என்று பார்ப்பது.

ஜூன் 6

மதிவதனி என்னிடம் சளியா மேடம் என்று அக்கறையாகக் கேட்டாள். இல்லை, தைராய்டு ஆபரேஷன், இரண்டு வருஷம் ஆகிறது, குரல் நாண் ஒரு பக்கம் அசையவில்லை என்றேன். அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்றாள். டிராக் பாடினேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பெரிய பாடகிகள் மெட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக யாராவது முதலில் பாடி வைக்க வேண்டும். அப்படிப் பாடுகிறவள் நான். அவர்கள் வந்து, கேட்டு, பாடி முடித்ததும் என் குரலை அழித்துவிடுவார்கள். பதினெட்டு வருஷம் பாடினேன். அழியாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கோரஸில் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றேன். அதற்கப்புறம் மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் 7

குரலுக்குக் குமிழிப் பயிற்சி. டம்ளரில் தண்ணீர், அதில் ஸ்ட்ரா, மூச்சை விட்டுக்கொண்டே ம்ம் என்று முனக வேண்டும். டாக்டரம்மா திட்டுவார் என்பதற்காகச் செய்தேன்.

ஜூன் 11

ஸ்டூடியோச் சுவர் முழுக்க மதிவதனி காகிதம் ஒட்டிவிட்டாள். எழுபதுகள், எண்பதுகள் என்று ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு தாள். ஹிப் ஹாப் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றுகிறதை எல்லாரும் எழுதலாம். மெஷின்கள் எப்படியும் வந்திருக்கும், ஆனால் அவற்றைத் தம்புராபோலப் பின்னால் ஓட விட்டிருப்பார்கள் என்று குகன் எழுதினான். சினிமாப் பாட்டுகளின் நடுவில் வேகமாகப் பேசுகிற இடமெல்லாம் இருக்காது. அங்கே இன்னமும் புல்லாங்குழலும் வயலினும் வரும். கானா சாவு வீட்டிலிருந்து கிளம்பி, யாரும் குறுக்கே வராததால் எங்கெங்கோ போயிருக்கும். எங்கள் பெரம்பூர் ஹால்களில் கிறிஸ்துமஸுக்கு ஆடவைத்த டான்ஸ் பேண்டுகள் இன்னும் நாலு தெருவுக்கு ஒன்று இருந்திருக்கும் என்று நான் எழுதினேன். அது நடந்திருக்காது என்று எனக்கே தெரியும். ஆசைக்கு எழுதினேன்.

குகன் ஒரு மெட்டு போட்டான். ஐந்து நொடி கேட்டுவிட்டு, இந்த டிரம் ஹிப் ஹாப் என்றாள் மதிவதனி. எடுத்தான். இந்த பேஸ் ஹிப் ஹாப் என்றாள். எடுத்தான். பாடகி மூச்சு வாங்க விட்டிருக்கிற இடம்கூட ஹிப் ஹாப்தான் என்றாள். கொதித்த சாம்பாரிலிருந்து பெருங்காயத்தை மட்டும் எடு என்றால் அவன் எங்கே போவான். சாயங்காலம் கீபோர்டை மூடிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த உலகத்துல நான் எங்கப்பா கூட ஏசி ரிப்பேர் பண்ணிட்டு இருப்பேன். எனக்கு அப்ப ஸ்வரம் தெரியாது, ஒண்ணும் தெரியாது. வாய் மட்டும்தான் இருந்துச்சு."

டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 13

வீட்டுக்காரர் லாரன்ஸ் இன்று சீக்கிரம் வந்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அணைத்துவிட்டு, செய்தி முடிந்துவிட்டது என்றார். செய்தியில் வயலின் வாசிக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பாட்டு ஓடுவதில்லை. மாதா கோயில் பாடகர் குழுவையும் விட்டுவிட்டார். ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை, முட்டி வலிக்கிறது என்கிறார். ரயில்வே கிரவுண்டைத் தினம் இரண்டு சுற்று நடக்கிறார், அப்போது வலிக்கவில்லை.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வீடு அமைதியாக இருப்பது நல்லதுதான். கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்தேன்.

ஜூன் 18

இன்று மதிவதனியோடு சண்டை.

கதையின் நாயகி செல்வராணி. பெரிய அடுக்குமாடியில் தரை துடைக்கிற பெண். வேலை செய்கிறவர்கள் முன்வாசல் லிஃப்ட்டில் ஏறக்கூடாது, குப்பையும் மூட்டையும் போகிற பின்வாசல் லிஃப்ட்டில்தான் போக வேண்டும். அவளுக்குக் கோபம். நம் உலகத்தில் என்றால் செல்போனை வைத்துக்கொண்டு நாலு வரி ராப் பேசி ஊரைக் கலக்கியிருப்பாள். அந்த உலகத்தில் அது கிடையாது. அதனால் மதிவதனி என்ன செய்திருக்கிறாள் என்றால், செல்வராணி துடைத்துக்கொண்டே முணுமுணுப்பதைக் கேட்ட ஓர் இசையமைப்பாளர், அடடா என்ன தேன் குரல் என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. காகிதத்தை மேசைமேல் போட்டுவிட்டேன்.

"சுளுவா ஒரு தேன் குரலைக் குடுத்துட்டே. அவளுக்குப் பாட்டே வராதுன்னு வெச்சுக்கோ. அப்ப அந்த உலகத்துல அவ எங்க போவா?"

"அப்ப கதையே இல்லையேக்கா. வாயை மூடிட்டு வேலையைப் பாத்திருப்பா."

"அப்ப அதை எழுது."

அவள் முகம் சுண்டிப்போனது. குகன் எங்களைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் காலையில் பி.பி. மாத்திரை போடவில்லை, அதனால்தான் இருக்கும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ராப் வந்து பாட்டைக் கெடுத்துவிட்டது என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஹிப் ஹாப்பை எடுத்துவிட்டால் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. இனிமையாகவே இருந்திருக்கும். பாட்டு வராதவர்கள் கையில் மைக் வந்திருக்காது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரியது என்று பெரம்பூர் வரும்வரை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 19

மதிவதனி போன் செய்து, மாற்றி எழுதிவிட்டேன், செல்வராணிக்குப் பாட்டு வராது என்றாள். ஆனால் அவள் எப்படிப் பாடுவாள் என்று எனக்கும் தெரியாது என்றாள். பாட்டு வரிகள் அனுப்பினாள். நன்றாக எழுதியிருக்கிறாள், பொல்லாத பெண்.

ஏழு மாடி தேய்ச்சு வச்சேன், என் மொகம் தெரியுது தரையில
மொகம் மட்டும் முன்வாசல்ல, மத்த ஒடம்பு பின்வழியில

ஜூன் 21

பாட தன்யஸ்ரீ வந்தாள். இருபத்தைந்து வயது, ஐந்து வயதிலிருந்து கர்நாடக சங்கீதம், குணமான பெண். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள், அது ஒன்றுதான் பிடிக்கவில்லை. குகன் அழகாக ஒரு மெட்டு போட்டிருந்தான். முன்பென்றால் நான் பாடிக் காட்டுவேன். இப்போது மைக் முன்னால் நின்று, தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, எந்தச் சொல் எங்கே விழுகிறது என்று வரிகளைச் சொல்லிக் காட்டினேன். அவள் இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

அருமையாகப் பாடினாள். கேட்டால் பட்டுப்புடவைக் கடை விளம்பரம்போல இருந்தது. மதிவதனி கைதட்டிவிட்டு, அழகா இருக்கு, ஆனா இதுல செல்வராணி எங்க இருக்கா என்றாள். தன்யஸ்ரீ கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதான் தோணிச்சு என்றாள்.

ஜூன் 22

குகனுக்கு ஒரு வழக்கம். மைக் முன்னால் யார் நின்றாலும் பதிவை ஓட விட்டுவிடுவான். நேற்று நான் வரி சொல்லிக் காட்டியதும் பதிவாகியிருக்கிறது. இன்று மதிவதனி வந்ததும் அதைப் போட்டுவிட்டான். என்னிடம் கேட்கவில்லை.

என் இப்போதைய குரலை நான் கேட்டதே இல்லை. உப்புத்தாள்போலக் கரகரவென்று வருகிறது. பாதிச் சொல்லில் காற்று போய்விடுகிறது. தாளம் மட்டும் அசையவில்லை, அது பதினெட்டு வருஷப் பழக்கம். முடிந்ததும் மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவதான்க்கா செல்வராணி. ஆனா..." என்று நிறுத்தினாள்.

நானே சொன்னேன், இது ராப் என்று. குகன் நிபந்தனையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று குதித்தான். போட்டால் நாடகம் முழுக்கப் பொய்யாகிவிடும் என்றாள் அவள். அவள் சொல்வதுதான் சரி. நானும் அவள் பக்கம்தான் பேசினேன். பிறகு போய் மைக் ஸ்டாண்டைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

எனக்கென்ன வந்தது. அந்த உலகத்தில் என் குரலுக்கு இடமில்லை என்கிறார்கள். இந்த உலகத்தில் மட்டும் நான் என்ன கச்சேரியா செய்துகொண்டிருக்கிறேன்?

ஜூன் 23

பூசைக்குப் போனோம். சிக்கன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. லாரன்ஸ் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 25

மத்தியானம் குகன் பிரியாணிக்குப் போயிருந்தான். தூசி தட்டலாம் என்று கீபோர்டின் துணியை எடுத்தேன். எடுத்த கையோடு ஒரு கட்டையை அழுத்தினேன். யாரும் இல்லை. ஆ என்று பார்த்தேன்.

ஒவ்வொரு கட்டையாகப் போனேன். மேலே போனால் குரல் உடைகிறது. கீழே போனால் காற்றுதான் வருகிறது. நடுவில் மூன்று கட்டைகள் மட்டும், ஒரு கருப்பு, இரண்டு வெள்ளை, அங்கே குரல் நிற்கிறது. ஆடிக்கொண்டுதான் நிற்கிறது, ஆனாலும் நிற்கிறது. இரண்டு ஸ்தாயி ஏறி இறங்கியவள் நான். மூன்று கட்டை.

அழுதேன். நன்றாகவே அழுதேன். ஆபரேஷன் அன்றுகூட இப்படி அழவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அந்த மூன்றையும் மறுபடி பாடிப் பார்த்தேன். இரண்டாம் தடவை கொஞ்சம் நேராக வந்தது.

ஜூன் 26

இன்று அவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து என் யோசனையைச் சொன்னேன். ராப் இல்லையென்றாலும் பாட்டு வராதவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்திருக்கும். பேசவும் கூடாது, மெட்டுக்கும் எட்டாது என்றால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? மெட்டைத் தங்கள் உயரத்துக்கு இறக்கியிருப்பார்கள். மைக் உயரத்தை இறக்குகிற மாதிரி. இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள் அடங்குகிற பாட்டு. யார் வேண்டுமானாலும் பாடலாம். குரல் தேவையில்லை, பிடிவாதம் இருந்தால் போதும்.

மதிவதனி எழுந்து நின்றுவிட்டாள். உடனே சுவர்த் தாள்களில் எழுத ஆரம்பித்தாள். எண்பதுகளில் ரேஷன் கடை வரிசையில் பிறக்கிறது. கேசட்டில் பரவுகிறது. சபாக்காரர்கள் கேலி செய்கிறார்கள். சினிமாக்காரர்கள் பத்து வருஷம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறகு வேறு வழியில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள்: குட்டி மெட்டு. நம் உலகத்தில் ராப்புக்கு நடந்ததெல்லாம் அங்கே குட்டி மெட்டுக்கு நடக்கிறது. நானும் குகனும் மாறி மாறிச் சொல்ல, அவள் எழுதினாள். கேலி செய்கிறவர்களின் வசனத்தை எல்லாம் நான் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம், ராப்பைப் பற்றி நான் பேசியதுதான்.

எந்த மூன்று ஸ்வரம் என்று குகன் கேட்டான். கீழ் நி, ச, ரி என்றேன், ஒரு கட்டை சுருதியில் என்று கீபோர்டில் அந்த ஒரு கருப்பையும் இரண்டு வெள்ளையையும் காட்டினேன். ஏன் அந்த மூன்று என்றான். சும்மா சொன்னேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அந்த மூன்றையும் அழுத்திப் பார்த்தான்.

ஜூலை 1

குகன் மெட்டு அனுப்பிவிட்டான். பொடியன் கெட்டிக்காரன். மூன்று ஸ்வரமும் சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனால் சலிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒன்று மேலே ஏறப் போகிற மாதிரி இருக்கிறது, ஏறுவதில்லை.

காலையில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பாடிப் பார்த்தேன். பாடகிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்காக. முதல் வரி நின்றது. இரண்டாம் வரியில் மொகம் என்ற இடத்தில் உடைந்தது. திரும்பப் பாடினேன். உடைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி பாடினேன். மற்ற இடமெல்லாம் வழிக்கு வருகிறது, அந்த ஓர் இடம் வருவதாக இல்லை.

திரும்பிப் பார்த்தால் லாரன்ஸ் நிற்கிறார். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தாராம். நான் அப்போதுதான் உலர்த்தியிருந்தேன், சொட்டிக்கொண்டிருந்தது. காயல என்றேன். சரி என்று இறங்கிப் போனார்.

சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரேடியோவைப் போட்டார். நான் கூடத்துக்கு வந்த பிறகும் அணைக்கவில்லை.

ஜூலை 5

எழுத நிறைய இருக்கிறது. இன்றே எழுதிவிட வேண்டும்.

தன்யஸ்ரீ குட்டி மெட்டைப் பாடினாள். மூன்று ஸ்வரத்தை வைத்துக்கொண்டு அவள் செய்ததைக் கேட்டால் அசந்துபோவோம். ஒவ்வொன்றையும் வளைத்து, இழைத்து, நகைபோல ஆக்கிவிட்டாள். குகன் சாதாரணமாகப் பாடச் சொன்னான். பாடினாள். இன்னும் சாதாரணமாக என்றான். ஐந்தாறு தடவை ஆனது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"என்னால முடியலை ஆன்ட்டி. நான் எவ்வளவு சாதாரணமா பாடினாலும், நல்லா பாடத் தெரிஞ்சவ வேணும்னே சாதாரணமா பாடற மாதிரிதான் இருக்கு. இதை வேற யாராவதுதான் பாடணும்."

யாரைக் கூப்பிடலாம் என்று மதிவதனி என்னைக் கேட்டாள். பாடகர்கள் நம்பர் எல்லாம் என் போனில்தானே இருக்கிறது. போனைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

"நான் பாடறேன்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். குகன் ஏற்கெனவே எழுந்து போய் மைக்கின் உயரத்தை எனக்காக இறக்கிக்கொண்டிருந்தான். எனக்கு யாரும் அதைச் செய்ததில்லை.

முதல் தடவை இரண்டு வரிக்குள் மூச்சு தீர்ந்தது. இரண்டாவது தடவை தாளத்தையே விட்டேன், என் வாழ்க்கையில் முதல் முறை. மூன்றாவது தடவை செல்வராணியை நினைத்துக்கொண்டேன். பின்வாசல் லிஃப்ட்டில் வாளியோடு நிற்கிறாள், பாட்டு வராது, ஆனால் பாடியாக வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளாமல் பாடினேன். மொகம் என்ற இடத்தில் உடைந்தது. என்னை அறியாமல் கையைத் தூக்கினேன், தப்பு வந்தால் நிறுத்தச் சொல்கிற பழைய பழக்கம். குகன் நிறுத்தவில்லை. சரி என்று நானும் நிறுத்தவில்லை. இரண்டு சரணமும் பாடி முடித்தேன்.

இது போதும் என்றான் குகன். மதிவதனி என்னைக் கட்டிக்கொண்டாள். தன்யஸ்ரீ தானாகவே போய் எனக்கு வெந்நீர் கொண்டுவந்தாள். பாவம், நல்ல பெண். ஆன்ட்டி என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

எனக்கு இது வேண்டும். இத்தனை நாளாக வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டும்.

ஜூலை 12

நாடகத்தை வெளியிடுகிற கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது. கதை பிரமாதம், ஆனால் பாட்டில் ஒலிப் பழுது இருக்கிறதாம். முதல் சரணத்தில் ஓர் இடத்தில் குரல் அறுபடுகிறது, ஒயரோ மைக்கோ சரியில்லை, அதைச் சரி செய்து அனுப்பினால்தான் வெளியிட முடியும், முடியாவிட்டால் வேறு குரலில் பாடி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

மதிவதனி தயங்கித் தயங்கிக் கேட்டாள், அந்த ஓர் இடத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஒட்டிச் சரி செய்துவிடலாமா என்று. குகனால் முடியும். யாருக்கும் தெரியாது.

முடியாது என்றேன். அந்த இடத்தைச் சரி செய்தால் மிச்சமிருப்பதெல்லாம் என்ன, சரியாகப் பாட வராத பாடகியின் பாட்டு. அந்த இடம் இருந்தால்தான் அது செல்வராணி. அப்படியென்றால் தன்யஸ்ரீயின் குரலைத்தான் போடுவார்கள் அக்கா என்றாள். அவள் தப்பில்லை, கம்பெனி அவளை நெருக்குகிறது. யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். ஒலித்தரம் பார்க்கிற ஒரு குழு இருக்கிறது, பெருங்குடியில் ஆபீஸ் என்றாள்.

நேரம் வாங்கு, நான் வருகிறேன் என்றேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, என் குரலை ஏன் அழிக்கிறீர்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. அது வேலை, அப்படித்தான். இது அப்படியில்லை.

ஜூலை 14

லாரன்ஸிடம் சொன்னேன். சுவரிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். பிறகு, நான் வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்றார். வேண்டாம், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன். சரி, பேசிப் பேசித் தொண்டையைத் தீர்த்துவிடாதே என்றார். இன்று முழுக்க என்னிடம் சைகையிலேயே பேசினார். சிரிப்பாக வந்தது.

ஜூலை 15

பெருங்குடி. பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். என்னையும் மதிவதனியையும் குகனையும் உட்காரவைத்த அறைக்கும் நாலு பக்கமும் கண்ணாடி. மூன்று பேர் இருந்தார்கள். பேசியவன் ஹரிபிரசாத், கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன். மரியாதையாகத்தான் பேசினான். மடிக்கணினியில் பாட்டைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, இங்கேதான் மேடம், ஒயரில் லூஸ் காண்டாக்ட் இருந்திருக்கும் என்றான்.

"ஒயர் இல்ல தம்பி. அந்தச் சத்தம் நான்தான்."

அவன் நம்பவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று, எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பதுதான் என்று ஆறுதல் வேறு சொன்னான். மனிதக் குரல் இப்படி அறுபடாது, வெட்டின மாதிரி இருக்கிறது என்று திரையில் கோடு கோடாகக் காட்டினான். மதிவதனி ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் தொண்டைக் கதையைக் கேட்டு இரக்கப்பட்டு அவர்கள் விடக்கூடாது.

எழுந்து நின்றேன். உட்கார்ந்து பாடிப் பழக்கமில்லை. குகன் போனில் சுருதியைப் போட்டான். மைக் இல்லை, எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். பயமாக இருந்தது. அங்கே உடையாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தப்பு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள், தப்பு வர வேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஏழு மாடி தேய்ச்சு வச்சேன், என் மொகம் தெரியுது தரையில. நின்றது. மொகம் மட்டும் முன்வாசல்ல என்று போனேன். அதே சொல்லில், அதே எழுத்தில் உடைந்தது. காற்று மட்டும் போய், குரல் திரும்ப வந்து, வரியை முடித்தேன்.

ஹரிபிரசாத் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரெக்கார்டிங்ல பழுது இல்ல மேடம்," என்றான். "அப்படியே விட்டுடறோம்."

பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து மூன்று பேரும் எழுந்தார்கள். இன்னும் ஒரு சரணம் இருக்கிறது என்றேன். உட்கார்ந்தார்கள். பாடினேன்.